வழி மறந்தோர்க்குத் துணை

பயிரைக் காக்கும் உழவன் மேய வரும் மாட்டை விரட்டுகிறான். அவனே வாடி நிற்கும் நாற்றுக்கு நீர் பாய்ச்சுகிறான்; சாய்ந்த வாழைக்கு முட்டுக் கொடுக்கிறான். இவ்விரு செயலும் காவலே ஆகும். விரட்டுதலை மட்டும் கற்றுத் தாங்குதலைக் கல்லாதவன் நல்ல உழவன் ஆகமாட்டான். நாட்டில் அமைதி காக்கும் காவலர்க்கும் இம்முறை பொருந்தும். தீயோரை அடக்குதல் அவர்தம் கடமையில் ஒரு பாதி. எளியோரைத் தாங்குதல் மற்றொரு பாதி.

முதற்பாதிக்குரிய பழக்கங்களைத் தொழிலே காவலர்க்குக் கற்பித்துவிடுகிறது. ஐயத்திற்கு இடமானவரைத் தடுத்து நிறுத்துதல், அடுக்கடுக்காக வினவுதல், விடை முரண்பட்டால் துருவிக் கேட்டல், விலகி ஓடுவோரைப் பற்றிக்கொள்ளுதல் ஆகியவை நாள்தோறும் செய்து செய்து கைவந்தவை. கள்வனுக்கு முன் இவை நன்கு பயன்படும். ஆனால், தம் வீட்டு வழியையும் தம் பெயரையும் மறந்து நள்ளிரவில் தெருவில் நிற்கும் முதியவர் ஒருவர்க்கு முன் இவை பயன்படுமா? அவர் விடை கூறாதது பிடிவாதத்தால் அன்று. மாற்றி மாற்றிக் கூறுவதும் பொய் சொல்லும் எண்ணத்தால் அன்று. நோயே அதற்குக் காரணம். அதனை அறியாத காவலர் நோயாளியைக் குற்றவாளியாகக் கண்டு மயங்குவர். அம்மயக்கத்தால் விளையும் தீங்கு பெரிது.

அந்நோயை மேனாட்டு மருத்துவர் 'டிமென்ஷியா' என்பர். தமிழில் மறதிநோய் என்று வழங்குவர். முதுமையில் எல்லார்க்கும் சிறிது மறதி உண்டு. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது இயல்பான மறதி. கையிலிருக்கும் மூக்குக் கண்ணாடி எதற்காக என்பதே விளங்காமல் திகைப்பது நோய். மூளையின் உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிவதால் நினைவும், மொழியும், காலமும் இடமும் அறியும் ஆற்றலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்கின்றன. மூளையின் குருதிக் குழாய்கள் பழுதுபடுவதாலும் இந்நிலை வருவதுண்டு.

1901 ஆம் ஆண்டில் செருமானிய நாட்டின் பிராங்பர்ட் நகரத்து மருத்துவமனையில் 51 வயதுடைய பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டார். அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் அவரை அருகிருந்து கவனித்தார். பெயரை எழுதும்படி கேட்டபொழுது அப்பெண்மணி எழுதத் தொடங்கி, இடையிலேயே மறந்து நிறுத்திவிட்டார். தம்மையே தாம் இழந்துவிட்டதாகக் கூறி வருந்தினார். 1906 இல் அவர் இறந்த பின்னர் அல்சைமர் அவருடைய மூளையை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, தாம் கண்ட மாறுதல்களை அவ்வாண்டிலேயே டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் அவையில் எடுத்துரைத்தார். 1910 இல் எமில் கிரேப்பலின் என்னும் மருத்துவப் பேரறிஞர் தம் நூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார். மறதிநோய் வகைகளுள் இன்றளவும் மிகுதியாகக் காணப்படுவது இதுவே.

2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் மக்கள் மறதிநோயுடன் வாழ்ந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்பது 2023 இல் வெளியான ஆய்வொன்றின் மதிப்பீடு. மனிதரின் ஆயுள் நீள நீள இத்தொகையும் பெருகும். ஆதலின், காவலர் ஒருவர் தம் பணிக்காலத்தில் மறதிநோயாளர் ஒருவரையேனும் சந்திக்காமல் இருத்தல் அரிது.

இந்நோயின் ஓர் இயல்பைக் காவலர் சிறப்பாக அறிதல் வேண்டும். பெரும்பாலும் அண்மையில் நிகழ்ந்தவையே முதலில் மறந்துபோகும். இளமையில் நிகழ்ந்தவை நெடுங்காலம் தங்கியிருக்கும். காலையில் உண்ட உணவை மறந்த பாட்டி, எழுபது ஆண்டுகளுக்கு முன் தாம் பிறந்த வீட்டின் திண்ணையை மறப்பதில்லை. ஓய்வு பெற்று இருபது ஆண்டுகளான எழுத்தர், இன்று அலுவலகத்திற்கு நேரமாயிற்றே என்று பதறுகிறார். தாம் வாழும் வீடு அவர்க்கு அயல் வீடாகத் தோன்றுகிறது. என்றோ விட்டுவந்த வீடே சொந்த வீடாகத் தோன்றுகிறது. அதனைத் தேடிக் கதவைத் திறந்துகொண்டு புறப்படுகிறார். பிறர் கண்ணுக்கு அவர் நோக்கமின்றி அலைபவர். அவர் உள்ளத்திலோ தெளிவான நோக்கம் இருக்கிறது. அவர் செல்ல விரும்பும் ஊர் பழைய காலத்தில் இருக்கிறது, அவ்வளவே.

மாலை மயங்கி இருள் பரவிய நேரத்தில், பேருந்து நிற்குமிடம் ஒன்றில் முதியவர் ஒருவர் தனியே நிற்கிறார் என்று கொள்க. கடைசிப் பேருந்து போய்விட்டது. அவர் கையில் பழைய துணிப்பை ஒன்று இருக்கிறது. கால்களில் ஒன்றுக்கொன்று இணையாத இரு செருப்புகள். அவ்வழியே சுற்றுக்காவலில் வந்த காவலர் வண்டியை அவருக்கு நேரே நிறுத்தி, கைவிளக்கின் ஒளியை அவர் முகத்தில் பாய்ச்சுகிறார்.

"யாரய்யா நீர்? வீடு எங்கே? இந்நேரத்தில் இங்கே என்ன வேலை? பையில் என்ன இருக்கிறது?"

ஒரே மூச்சில் நான்கு கேள்விகள்! முதியவர் கண்கள் கூசுகின்றன. "பள்ளிக்கூடத்திற்குப் போகவேண்டும், மணி அடித்துவிடுவார்கள்," என்று முணுமுணுக்கிறார்.

"இரவில் பள்ளிக்கூடமா? விளையாடுகிறீரா?" என்று காவலர் அவர் கையைப் பற்றுகிறார். யாரோ ஒருவன் தம்மை இருளில் பிடித்திழுப்பதாக அஞ்சிய முதியவர் கையை உதறுகிறார். பை காவலரின் மார்பில் படுகிறது. நோயாளி நொடிப்பொழுதில் காவலரைத் தாக்கியவர் ஆகிவிடுகிறார்.

அதே முதியவரை வேறொரு காவலர் கண்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் வண்டியைச் சற்றுத் தொலைவில் நிறுத்தி, சுழல்விளக்கை அணைத்துவிட்டு, முதியவர் தம்மை நன்கு காணுமாறு நேர்முன்னே மெல்ல நடந்து வருகிறார். இரண்டடி தள்ளி நின்று, "வணக்கம் ஐயா, நான் இவ்வூர்க் காவலன்," என்று தம் பெயரைச் சொல்லுகிறார்.

"பள்ளிக்கூடத்திற்குப் போகவேண்டும்," என்கிறார் முதியவர்.

"தாங்கள் ஆசிரியரா ஐயா?"

"ஆம், கணக்கு ஆசிரியன்."

"மகிழ்ச்சி ஐயா. கடைசிப் பேருந்து போய்விட்டது. இங்கே சற்று அமர்வோமா?"

இருவரும் அமர்கின்றனர். சிறிது நேரம் கணக்கைப் பற்றியும் மாணாக்கரைப் பற்றியும் பேச்சு நடக்கிறது. முதியவரின் கைந்நடுக்கம் குறைகிறது. "ஐயா, அந்தப் பையை நான் பார்க்கலாமா?" என்று காவலர் கேட்கிறார், முதியவர் தாமே எடுத்துக் கொடுக்கிறார். பையினுள் மகளின் தொலைபேசி எண் எழுதிய தாள் இருக்கிறது. கால் மணி நேரத்தில் மகள் வந்து சேருகிறாள்.

இருவரும் ஒரே சட்டத்தின்கீழ்ப் பணிபுரிவோர். ஒரே சீருடை அணிந்தோர். முன்னவர் விரைந்தார், வேலை கெட்டது. பின்னவர் பொறுத்தார், வேலை முடிந்தது. பின்னவரின் செயலில் இரக்கம் மட்டுமன்று, கற்றறிந்த முறையும் உண்டு. பல நாடுகளில் காவலர்க்கு இம்முறை பயிற்சியாகவே கற்பிக்கப்படுகிறது.

அம்முறையின் கூறுகள் எளியவை. ஒவ்வொன்றற்கும் காரணம் உண்டு. மறதிநோயாளர்க்குப் பக்கப்பார்வை குறைந்திருக்கக்கூடும். பின்புறமாகவோ பக்கவாட்டிலோ திடீரென வருபவர் அவர்க்குத் தாக்க வருபவராகத் தோன்றுவர். ஆதலால் முன்புறமாக வருதல் வேண்டும். சங்கொலியும் சுழலும் விளக்கும் கலங்கிய மூளையை மேலும் கலக்கும். ஆதலால் அவற்றை நிறுத்துதல் வேண்டும். ஒரு கேள்வியை வாங்கிப் பொருளுணர்ந்து விடையைத் திரட்ட அவர்க்கு நெடுநேரம் ஆகும். ஆதலால் ஒரு நேரத்தில் ஒரு கேள்வியே கேட்டு, விடை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். விடை வராவிடின் வேறு சொற்களால் கேட்டுக் குழப்பாமல், அதே கேள்வியை அதே சொற்களில் மீண்டும் கேட்டல் நன்று. 'ஆம்', 'இல்லை' என்று விடை கூறத்தக்க கேள்விகள் அவர்க்கு எளியவை.

சொற்பொருள் மறந்தவர்க்கும் குரலின் பொருள் விளங்கும். கடுமுகமும் உரத்த குரலும் அச்சத்தை எழுப்பும். தாழ்ந்த குரலும் மலர்ந்த முகமும் அதனைத் தணிக்கும். அவரோடு வாதாடுதல் வீண். "உம்முடைய தாய் இறந்து முப்பது ஆண்டு ஆயிற்று; அவரையா தேடுகிறீர்?" என்று திருத்தினால், அத்துயரச் செய்தியை அவர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்பார். "தங்கள் தாயைப் பற்றிச் சொல்லுங்கள் அம்மா," என்று கேட்பதே தக்கது. அதனால் பொய்யும் இல்லை, புண்படுத்தலும் இல்லை. பேச்சினிடையே ஊரின் பெயரோ தெருவின் பெயரோ வெளிப்படவும் கூடும்.

கண்டவுடன் உடல்நலம் நோக்குதலும் காவலர் கடமை. நீர் வேட்கையையும் குளிரையும் வலியையும் இந்நோயாளர் சொல்லி உணர்த்த மாட்டார். உதடு உலர்ந்துள்ளதா, காலில் காயம் உண்டா, விழுந்த அடையாளம் உண்டா என்று பார்த்தல் வேண்டும். கைவளை, கழுத்துச் சங்கிலி, ஆடையின் உட்புறம் ஆகியவற்றில் பெயரோ எண்ணோ பொறிக்கப்பட்டிருக்கலாம். உற்றார் வந்து சேரும்வரை அவரைத் தனியே விடுதல் கூடாது. சிறிது பொழுது கண் அகன்றாலும் அவர் மீண்டும் புறப்பட்டுவிடுவார்.

தெருவில் அலைவோரை மட்டுமே காவலர் சந்திப்பதில்லை. கடையில் எடுத்த பொருளுக்கு விலை கொடுக்க மறந்து வெளியேறும் முதியவர் திருடராகத் தோன்றுவார். தம் வீடு என்று எண்ணி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுபவர் அத்துமீறுபவராகத் தோன்றுவார். வளையலைத் தாமே ஒளித்து வைத்துவிட்டு, களவு போயிற்று என்று நாள்தோறும் காவல் நிலையத்திற்கு வரும் மூதாட்டி பொய்ப்புகார் கூறுபவராகத் தோன்றுவார். இவர்களை உடனே குற்றஞ்சாட்டாமல் பொறுமையுடன் விசாரித்தால் உண்மை விளங்கும்.

இங்கே மற்றொரு எச்சரிக்கையும் வேண்டும். மறதிநோயாளர் கூறும் புகார் எல்லாம் மறதியின் விளைவே என்று தள்ளிவிடுதலும் பெரும்பிழை. அவர்தம் மறதியையே வாய்ப்பாகக் கொண்டு பொருளைக் கவர்வோர் உளர்; அடித்துத் துன்புறுத்துவோரும் உளர். நேற்று நடந்ததை அவரால் ஒழுங்காகச் சொல்ல இயலாது என்பதற்காக, நேற்று ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு செய்யலாகாது. உடலிலுள்ள காயமும், ஒருவரைக் கண்டதும் எழும் அச்சமும், வங்கிக் கணக்கில் தோன்றும் குறைவும் அவர்க்காகச் சான்று கூறும். அமைதியான இடத்தில், அவர் தெளிவாக உள்ள நேரத்தில் கேட்டால் அவரும் ஓரளவு கூறுவார். வாயிழந்தவரின் வழக்கையும் கேட்பதன்றோ நீதி?

இம்முறை அறியப்படாத இடங்களில் நேர்ந்த துன்பங்கள் நெஞ்சை நடுக்குவன. அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத்தில் லவ்லண்டு என்னும் நகரில், 2020 ஆம் ஆண்டு சூன் மாதத்தில், மறதிநோயுடைய 73 வயது மூதாட்டி ஒருவர் ஏறத்தாழ 14 டாலர் மதிப்புள்ள பொருள்களுக்கு விலை கொடுக்காமல் கடையை விட்டு வெளியேறினார். கடைக்காரர் பொருள்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். சாலையோரத்துப் பூக்களைப் பறித்தவாறே வீடு நோக்கி நடந்த அம்மூதாட்டியைக் காவலர் தரையில் தள்ளிக் கைவிலங்கு பூட்டினார். அவர் கையெலும்பு முறிந்தது, தோள்மூட்டு நழுவியது. காவல் நிலையத்தில் நெடுநேரம் அவர்க்கு மருத்துவ உதவி கிடைக்கவில்லை. 2021 இல் நகராட்சி 30 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்க இசைந்தது. 2022 இல் அக்காவலர் 5 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

ஆஸ்திரேலிய நாட்டின் கூமா என்னும் ஊரில் 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 95 வயதுப் பெண்மணி ஒருவர், மறதிநோய்க் குறிகளுடையவர், கையில் சிறு கத்தியுடன் நடைச்சட்டத்தைப் பற்றியவாறு நின்றார். கத்தியைக் கீழே போடும்படி காவலர் கூறினர். அச்சொல் அவர் மூளையில் ஏறவில்லை. சில நிமிடங்களுக்குள் காவலர் ஒருவர் மின்னதிர்ச்சிக் கருவியை அவர்மீது செலுத்தினார். கீழே விழுந்து தலையில் அடிபட்ட அவர் ஒரு வாரத்திற்குள் உயிர் துறந்தார். 2024 இல் நீதிமன்றம் அக்காவலரைக் கொலையாகாத உயிரிழப்புக் குற்றத்திற்கு உரியவர் எனத் தீர்ப்பளித்தது.

நடைச்சட்டத்தின் துணையின்றி அடியெடுத்து வைக்க இயலாத ஒருவரிடமிருந்து விலகி நிற்றல் எளிது. கதவை அணைத்து, பிறரை அப்புறப்படுத்தி, அவர்க்குப் பழகிய முகம் ஒன்றை அழைத்துக் காத்திருக்கலாம். கருவி கையிலிருந்தும் காலம் கருதிப் பொறுத்திருப்பது வலிமைக்குக் குறைவாகாது. அடங்காதவனை அடக்குவதற்குத் தரப்பட்ட ஆற்றல், கட்டளையை விளங்கிக்கொள்ள இயலாதவர்மீது பாயுமானால் அது காவல் என்னும் பெயரை இழந்துவிடும்.

இனி, காணாமற்போன மறதிநோயாளரைத் தேடும் முறையைக் காண்போம். சிறுவர் தொலைந்தால் அழுவர். வழி தவறிய பயணி குரல் கொடுப்பார். மறதிநோயாளரோ தாம் தொலைந்ததையே அறியார். பெயர் சொல்லிக் கூவினாலும் பெரும்பாலும் விடை தாரார். முட்புதரோ, பள்ளமோ, வேலியோ தடுக்கும்வரை நடந்துகொண்டே சென்று, தடுத்த இடத்தில் சிக்கி நின்றுவிடுவார். ஆதலால் முதலில் வீட்டின் அறைகளையும், கொட்டகையையும், தோட்டத்தையும் நன்கு தேடிய பின்னரே, அண்டையிலுள்ள புதர்களையும் வாய்க்கால்களையும் தேடுதல் வேண்டும். மாலைவரை பார்ப்போம் என்று காத்திருத்தல் தகாது. வெயிலும் குளிரும் நீர்நிலையும் முதிய உடலுக்குக் காலக்கெடு தருவதில்லை. முதல் ஒரு மணி நேரம் பொன்னினும் விலை மிக்கது.

அந்நேரத்தை வீணாக்காமல் இருக்க இங்கிலாந்து நாட்டினர் நல்ல வழி ஒன்று கண்டனர். ஜார்ஜ் ஹெர்பர்ட் என்பவர் இரண்டாம் உலகப் போரில், 1944 இல் நேசநாட்டுப் படைகள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கியபொழுது அப்படையில் இருந்த வீரர். போரில் பிழைத்து வந்த அவரை முதுமையில் மறதிநோய் பற்றியது. இளமையில் தாம் வாழ்ந்த வீட்டைத் தேடி அவர் பன்முறை புறப்பட்டார். இறுதியில் அவ்வாறு சென்ற வழியிலேயே உயிர் நீத்தார். பகைவர் குண்டுகளுக்கு நடுவே வழி கண்டவர்க்குத் தம் பழைய வீட்டிற்கு வழி கிடைக்கவில்லை! அவர் பெயராலேயே 'ஹெர்பர்ட் நெறிமுறை' ஏற்பட்டது.

அந்நெறிமுறை பெரும் பொருட்செலவு உடையதன்று. அது நிரப்பவேண்டிய ஒரு படிவமே. நோயாளரின் அண்மைக்கால நிழற்படம், உயரம், அடையாளங்கள், உண்ணும் மருந்துகள், முன்பு வாழ்ந்த வீடுகள், பணிபுரிந்த இடங்கள், விரும்பிச் செல்லும் இடங்கள், முன்னர்க் காணாமற்போனபொழுது கண்டுபிடிக்கப்பட்ட இடம் ஆகியவற்றைக் குடும்பத்தார் அமைதியான நாளிலேயே அதில் எழுதி வைப்பர். அவர் காணாமற்போன உடனே அதனைக் காவலரிடம் கொடுப்பர். கலக்கமுற்ற நேரத்தில் பெற்ற தாயின் உயரமும் மகனுக்கு நினைவு வருவதில்லை. தாள் கலங்குவதில்லை. பழைய பள்ளிக்கும் பழைய தொழிற்சாலைக்கும் காவலர் நேரே செல்வதற்கு அது வழிகாட்டும்.

சப்பான் நாட்டினர் இம்முயற்சியை ஊரார் அனைவரின் கடமையாக விரித்தனர். முதியோர் மிகுந்த அந்நாட்டில், மறதிநோயால் காணாமற்போனதாகக் காவல் துறைக்கு வந்த அறிவிப்புகள் 2012 ஆம் ஆண்டில் 9,607. 2023 ஆம் ஆண்டில் 19,039. அவ்வாறு காணாமற்போனோருள் மிகப் பெரும்பாலோர் உயிருடன் மீட்கப்பட்டனர். எனினும் 2023 இல் ஐந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் உயிரிழந்த நிலையிலேயே காணப்பட்டனர். ஊர்தோறும் 'கோபன்' என்னும் சிறு காவற்சாவடிகள் அமைந்த நாட்டிலேயே இந்நிலை எனின், காவலர் மட்டும் தேடினால் போதாது என்பது தெளிவு.

இவ்வுண்மையை அந்நாட்டினர் முன்னரே உணரத் தொடங்கியிருந்தனர். வடகோடியிலுள்ள ஹொக்கைடோத் தீவில் குஷிரோ நகரத்தார் 1994 இலேயே ஒரு தேடற்பிணைப்பை அமைத்தனர். ஒருவர் காணாமற்போனதாகக் காவல் நிலையத்திற்குச் செய்தி வந்தால், அஃது அங்கிருந்து வாடகை வண்டி ஓட்டுநர்க்கும் வானொலிக்கும் பிற நிலையங்களுக்கும் விரைந்து செல்லும். நகரெங்கும் ஓடும் வண்டிகளெல்லாம் காவலரின் கண்களாகிவிடும். தென்பகுதியிலுள்ள ஓமுத்தா நகரத்தார் 2004 இல் இதற்கு ஒத்திகை நடத்தத் தொடங்கினர். ஒருவர் வழி தவறியவர்போல் நடித்துத் தெருவில் நடப்பார். அவருடைய அடையாளங்கள் ஊரார்க்கு அனுப்பப்படும். கண்டவர்கள் அவரிடம் சென்று இனிமையாகப் பேசிப் பழகுவர்.

பேசுவதற்கு ஒத்திகையும் வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். அறியாத முதியவர் ஒருவரை அணுகி, "ஐயா, தங்களுக்கு உதவி வேண்டுமா?" என்று கேட்கப் பலர்க்கு நாணமாக உள்ளது; தவறாக எண்ணுவாரோ என்று தயங்கி விலகிச் செல்வோரே பலர். அத்தயக்கத்தை ஒத்திகை நீக்குகிறது. ஓமுத்தா நகரத்துப் பள்ளி மாணவரும் இம்முயற்சியில் பங்கு கொள்கின்றனர். 2005 முதல் சப்பான் முழுவதும் மறதிநோயாளர்க்குத் துணைவராவதற்குரிய பயிற்சி நடைபெற்று வருகிறது. சில மணி நேரமும் தேவைப்படாத அப்பயிற்சியை மாணவரும், கடைக்காரரும், வங்கி ஊழியரும், காவலரும் பெற்றுள்ளனர்.

அந்நாட்டினர் செய்த மற்றொரு நற்செயலும் நினைக்கத்தக்கது. இந்நோய்க்கு அவர்கள் மொழியில் முன்பு வழங்கிய பெயர் அறிவின்மையைச் சுட்டி இழிவுபடுத்துவதாக இருந்தது. 2004 இல் அரசு அப்பெயரை நீக்கி, இழிவில்லாத புதுப்பெயரை வழங்கியது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பைத்தியம் என்று அழைக்கப்படுபவரைக் காவலரும் பைத்தியமாகவே நடத்துவர். நோயாளர் என்று அழைக்கப்படுபவரை நோயாளராக நடத்துவர். நாவில் வரும் சொல்லே கையின் செயலுக்கு முன்னோடி.

மறதிநோயாளரை வீட்டில் பூட்டி வைத்துவிட்டால் இத்தொல்லைகள் இல்லையே என்று கூறுவோர் உளர். வீட்டில் சேர்ப்பிக்கும் காவலர் சிலரும் குடும்பத்தாரை அவ்வாறு கடிந்துகொள்வதுண்டு. ஒரு நிமிடம் கண்ணயர்ந்த மகளைக் கடிவதால் யாது பயன்? நடத்தலும், வெயில் காய்தலும், தெருவில் நாலு முகங்களைக் காணுதலும் மனிதர்க்கு இன்றியமையாதவை. நினைவு போயிற்று என்பதற்காக அவ்வுரிமைகளும் போகவேண்டுமா? கதவைப் பூட்டுவதைவிட ஊரைத் திருத்துவது மேல் என்று ஓமுத்தா நகரத்தார் கருதினர். வழி தவறினாலும் அஞ்சாமல் நடமாடத்தக்க ஊரே அவர்கள் நாடிய ஊர்.

நினைவு என்பது ஒருவர் தலைக்குள் மட்டும் இருப்பதன்று. தந்தை மறந்த முகவரியை மகள் நினைவில் வைத்திருக்கிறாள். மகள் அருகில் இல்லாதபொழுது அண்டை வீட்டார் நினைவில் வைத்திருக்கின்றனர். அவரும் அறியாத தொலைவில், இருண்ட தெருவொன்றில் தந்தை திகைத்து நிற்கும்பொழுது, அந்நினைவைத் தேடிக் கொண்டுவந்து சேர்ப்பவர் காவலர். தம் பெயரையும் அறியாத ஒருவர்க்கு இரவில் எஞ்சியிருக்கும் ஒரே துணை அச்சீருடைதான். அதனைக் கண்டு அவர் அஞ்சாமல் ஆறுதல் கொள்ளுமாறு நடப்பதே காவலர்க்குப் பெருமை.

அப்பெருமையில் பங்குகொள்ளச் சீருடை அணிந்திருத்தல் வேண்டும் என்பதில்லை. இணையாத செருப்புகளுடன் தெருமுனையில் திகைத்து நிற்கும் முதியவரைப் பள்ளி விட்டு வரும் மாணவரும் காணக்கூடும். நகைக்காமல் நின்று, "ஐயா, வணக்கம்," என்று மெல்லச் சொல்லி, பெரியவர்களையும் காவலரையும் அழைத்து, அவர்கள் வரும்வரை உடனிருத்தல் எவர்க்கும் இயலும். அவ்வாறு உடனிருப்பாரும் காவலரே ஆவர்.